உள்ளங்காலில் ஒரு வரைபடம்: ரிஃப்ளெக்சோலொஜி எங்கிருந்து வந்தது, எதைக் குணமாக்கியது?

கொழும்பில் மசாஜ் நிலையங்கள் இருக்கிற வீதிகளில் நடந்தால் அந்தப் படம் கண்ணில் படாமல் போகாது. பக்கத்துப் பக்கமாக இரண்டு உள்ளங்கால்கள். பெருவிரலில் மூளை, விரல்களுக்குக் கீழே நுரையீரல், நடுப்பாதத்தில் வயிறும் சிறுநீரகமும், குதிக்காலில் இடுப்பு. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிறம், ஒரு இலக்கம். கீழே எங்கேயாவது, இது ஐயாயிரம் வருடப் பழமையான சீன வைத்தியம் என்ற மாதிரி ஒரு வரி. இப்ப அதே படம் குடும்ப வட்சப் குழுக்களிலும் சுற்றுது. இந்த இடத்தை அமத்தினால் சலரோகம் குறையும், அந்த இடத்தை அமத்தினால் பிரஷர் இறங்கும் என்று குறிப்புகளோட.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு வைத்தியம் தெரியாது. ஆனா ஒரு படத்தைக் கண்டால் இதை யார் வரைந்தது, எப்ப வரைந்தது, எதை ஆதாரமாக வைத்து வரைந்தது என்று கேட்கத் தெரியும். பழைய நிலப்படங்களிடம் நாங்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. இந்தக் கட்டுரையில் அதே கேள்விகளை உள்ளங்கால் படத்திடம் கேட்கிறம். பிறகு, இந்தப் படத்தை நம்பி நோயாளர்கள் மீது செய்யப்பட்ட ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்பம். விடை "எல்லாம் பொய்" என்று முடிகிற அளவுக்கு லேசானதில்லை.

தொடுகை பழசு, படம் புதுசு

முதலில் அந்த "ஐயாயிரம் வருடம்". ரிஃப்ளெக்சோலொஜி பற்றிய அநேகமான புத்தகங்கள் எகிப்தில் இருந்துதான் தொடங்கும். கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் அங்க்மஹோர் என்ற உயர் அதிகாரியின் கல்லறை இருக்கு. கிட்டத்தட்ட 4,300 வருடங்களுக்கு முந்தியது. அதன் சுவரில் சிலர் மற்றவர்களின் கைகளையும் பாதங்களையும் பிடித்து ஏதோ செய்கிற காட்சி செதுக்கப்பட்டிருக்கு. அது மசாஜ் என்று சிலரும், நகம் வெட்டி அழகுபடுத்துவது என்று சிலரும், சிகிச்சை என்று வேறு சிலரும் வாசித்திருக்கிறார்கள். மசாஜ் என்றே வைத்துக்கொள்ளுவம். அப்பவும் அந்தச் சுவரில் பாதத்தின் இந்த இடம் ஈரல், அந்த இடம் இதயம் என்று ஒரு கோடுகூட இல்லை. ஒருவர் மற்றவரின் காலைப் பிடிக்கிறார் என்பது மட்டும்தான் இருக்கு.

சீனாவிலும் கதை இதுதான். சீன அக்குபங்சரில் உள்ளங்காலில் ஒரு புள்ளி உண்டு, யோங்சுவான் என்று பெயர். சிறுநீரகப் பாதை என்று அவர்கள் சொல்லுகிற கோடு அங்கிருந்து தொடங்குது. ஆனா அந்தப் பாதைகள் உடல் முழுவதும் ஓடுபவை. முழு உடம்பையும் சுருக்கி உள்ளங்காலுக்குள் வரைகிற நிறப் படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கட பக்கத்தில் சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகளைச் சிலர் இதோட சேர்த்துக் கதைப்பதுண்டு. வர்மத்தில் 108 புள்ளிகள் என்று எண்ணுவது மரபு. அவையும் உடல் முழுக்கப் பரந்தவை, அவற்றுக்குத் தனிக் கணக்கு, தனி நூல்கள், தனி ஆசான் மரபு உண்டு. அவற்றின் வயதைக் கடன் வாங்கி இந்தப் படத்துக்குக் கொடுக்க ஏலாது.

காலைப் பிடித்து விடுவது எல்லா ஊரிலும் இருந்திருக்கு. கால் உளைவு என்று அம்மம்மா சொன்னால் எண்ணெய் தடவித் தேய்ச்சு விடுகிறதுக்கு எவரும் படம் பார்த்ததில்லை. அந்தத் தொடுகைக்கு உண்மையிலேயே ஆயிரக்கணக்கான வருட வயது இருக்கலாம். உள்ளங்கால் வரைபடத்துக்கு வயது நூறைச் சுற்றித்தான். அது பிறந்த இடமும் பீஜிங் இல்லை, ஐக்கிய அமெரிக்கா.

ஹார்ட்ஃபோர்டின் தொண்டை வைத்தியர்

வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1872இல் பிறந்தவர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர். அந்தக் காலத்தில் இந்தத் துறையின் பெரிய பிரச்சினை வலி. மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சைகளில் நோயாளி பெரும்பாலும் விழித்தபடி இருப்பார். விறைக்கச் செய்ய 1884 முதல் கொக்கேய்ன் பயன்பாட்டில் இருந்தது, அதன் ஆபத்துகளும் தெரியவந்திருந்தன. இந்தச் சூழலில்தான் ஃபிட்ஸ்ஜெரால்ட், கையிலோ வாயிலோ சில இடங்களை அழுத்திப் பிடித்தால் முகத்தில் வேறு சில இடங்கள் விறைக்கின்றன என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் உடம்பைத் தலையில் இருந்து கால்வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். நடுக்கோட்டுக்கு இடது பக்கம் ஐந்து, வலது பக்கம் ஐந்து. ஒவ்வொரு பட்டையும் ஒரு கைவிரலிலும் ஒரு கால்விரலிலும் போய் முடியும். ஒரு பட்டையில் எங்கே அழுத்தினாலும் அதே பட்டையில் இருக்கிற வேறு உறுப்பில் அதன் பயன் தெரியும் என்பது அவரின் கருத்து. எட்வின் பவர்ஸ் என்ற எழுத்தாளர் இதை 1915இல் ஒரு பிரபல சஞ்சிகையில் எழுதி ஊருக்குச் சொன்னார். பல்வலியா, கால்விரலை அமத்து என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். 1917இல் இருவரும் சேர்ந்து "ஸோன் தெரபி" என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். வீட்டிலேயே வலியைப் போக்குவது எப்படி என்று சொல்லுகிற புத்தகம். அதற்குத் தேவையான உபகரணங்கள் ரப்பர் பட்டி, உடுப்புக் கிளிப், சீப்பு. இடுப்பு வலிக்குச் சீப்பு, கண் வருத்தத்துக்கு விரல் அமத்தல் என்று ஒவ்வொரு அத்தியாயமும் போகும். செவிட்டுத்தன்மை, கண்டமாலை, பிரசவ வலி எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு.

இது கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனா அந்தக் காலத்தின் அறிவியலோட சேர்த்துப் பார்த்தால், இப்படி யோசிக்கக் காரணம் இருந்தது. 1893இல் இங்கிலாந்தின் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் வைத்தியர் ஒரு முக்கியமான விசயத்தை எழுதியிருந்தார். உள்ளுறுப்பில் வருத்தம் வந்தால் தூரத்தில் உள்ள தோலில் வலி தெரியும். மாரடைப்பு வந்தவருக்கு இடது கை உளைவது இதனால்தான். உறுப்பில் இருந்து வருகிற நரம்பும் தோலில் இருந்து வருகிற நரம்பும் முண்ணாணில் ஒரே மட்டத்தில் சேர்கின்றன, மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகுது. 1906இல் சார்ல்ஸ் ஷெரிங்டன் நரம்புகளின் தெறிவினை பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். உடம்பின் ஒரு மூலையைத் தொட்டால் இன்னொரு மூலை அசையும் என்பது அன்று ஆய்வுகூடங்களின் புதுச் செய்தி. ரிஃப்ளெக்சோலொஜி என்ற பெயரில் இருக்கிற "ரிஃப்ளெக்ஸ்" அந்தக் காற்றில் இருந்து வந்த சொல்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், ஹெட் தன் படத்தைச் சோதித்தார். நோயாளர்கள் சொன்னதோடு நிற்காமல், 1903இல் தன் சொந்தக் கையின் நரம்பை வெட்டுவித்து, உணர்வு எப்படி எப்படித் திரும்பி வருது என்று நாலு வருடங்களாகக் குறித்தார். அந்தச் சோதனையில் கூட இருந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் நூல் எழுதிய அதே ரிவர்ஸ். ஃபிட்ஸ்ஜெரால்டின் பத்துப் பட்டைகளுக்கு இப்படி ஒரு சோதனை நடக்கவில்லை. நரம்புகளின் ஓட்டமும் அவரின் பட்டைகளோட ஒத்துப்போகாது. உள்ளங்காலின் நரம்புகள் முண்ணாணின் அடிப்பகுதியில், நாரிக்கும் அதற்குக் கீழும் சேர்கின்றன. இதயத்தின் வலி நரம்புகள் நெஞ்சு மட்டத்தில் சேர்கின்றன. ஹெட்டின் கணக்குப்படி பார்த்தால் உள்ளங்காலுக்கும் இதயத்துக்கும் பொதுவான வாசல் ஒன்றே இல்லை.

காலத்தையும் கவனிக்க வேணும். 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி எழுதிய அறிக்கை, தரமற்றவற்றை மூட வேணும் என்றது. பல மூடப்பட்டன. மருத்துவம் ஆய்வுகூடத்துக்குள்ளும் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளும் போய்க்கொண்டிருந்த நேரம் அது. வைத்தியரும் செலவும் இல்லாமல் வீட்டில் ஒரு சீப்போட வலியைப் போக்கலாம் என்ற புத்தகம் அப்ப ஏன் விற்பனையானது என்பதை விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை.

யூனிஸ் இங்கம் காலைத் தேர்ந்தெடுத்தார்

ஃபிட்ஸ்ஜெரால்டின் முறையைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் புளோரிடாவில் வைத்தியம் செய்த ஜோ ஷெல்பி ரைலி. அவரிடம் வேலை செய்தவர் யூனிஸ் இங்கம் என்ற பெண். 1889இல் பிறந்தவர், பிசியோதெரபி செய்பவர். இன்று நாங்கள் காணுகிற உள்ளங்கால் படம் அடிப்படையில் இவரின் கைவேலை.

இங்கம் இரண்டு மாற்றங்களைச் செய்தார். கை, வாய், முகம் என்று பரந்து கிடந்த அழுத்தப் புள்ளிகளைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார், பாதம் அதிகம் உணர்வுள்ளது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்தது, ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடர்ந்து அழுத்தி விறைக்கச் செய்தார், இங்கம் பெருவிரலால் அழுத்தி விட்டு அழுத்தி விட்டு நகர்த்தினார். நோக்கமும் மாறியது. விறைப்பை விட்டுவிட்டு, உறுப்பைத் தூண்டிக் குணமாக்குவது என்றானது. நோயாளிக்கு எங்கே நோகுது என்று கேட்டு, அவருக்கு இருக்கிற வருத்தத்தோட அந்த இடத்தைப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியாகப் படத்தில் சேர்த்தார். பாதத்தின் நரம்பு நுனிகளில் படிகங்கள் சேர்கின்றன, அவற்றை நசுக்கிக் கரைக்க வேணும் என்றும் சொன்னார். அப்படியான படிகங்களை எவரும் பிறகு கண்டு காட்டியதில்லை. 1938இல் அவரின் முதல் புத்தகம் வந்தது. பாதங்கள் சொல்லக்கூடிய கதைகள் என்பது அதன் தலைப்பின் பொருள்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 1937இல், கனடாவின் மொன்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட், எட்வின் போல்ட்ரி என்ற இருவர் இன்னொரு உடல் படத்தை வெளியிட்டார்கள். மூளைச் சத்திரசிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் மூளை மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே உணர்வு வந்தது என்று கேட்டு வரைந்த படம். இங்கமும் நோயாளியிடம் கேட்டுத்தான் வரைந்தார், பென்ஃபீல்டும் கேட்டுத்தான் வரைந்தார். ஆனா மொன்ட்ரியல் படத்தை வேறு ஆட்கள், வேறு இடத்தில், வேறு கருவியால் சோதித்துச் சரியையும் பிழையையும் பிரிக்கலாம். அப்படிச் சோதித்து இன்றுவரை திருத்திக்கொண்டும் வருகிறார்கள். இங்கமின் படத்தை அப்படிச் சோதிக்க ஆள் வர இன்னும் அறுபது வருடம் எடுத்தது.

ஆனா இங்கமை ஏமாற்றுக்காரி என்று எழுத எங்களுக்கு மனமில்லை. பல்லாண்டுகள் ஊர் ஊராகப் போய், மற்ற வைத்தியங்களால் கைவிடப்பட்ட ஆட்களின் காலைத் தன் மடியில் வைத்து வேலை செய்த பெண் அவர். அவரைத் தேடி வந்தவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்க வேணும், இல்லையென்றால் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். அந்த "ஏதோ" என்ன என்பதுதான் பிறகு வந்த ஆய்வுகளின் உண்மையான கேள்வி. இங்கம் 1974இல் காலமானார்.

அவரிடம் இருந்து படம் உலகம் சுற்றியது. ஜெர்மனியில் ஹன்னே மார்க்வார்ட் 1950களின் கடைசியில் இருந்து அதைப் பரப்பினார். பிரித்தானியாவுக்கு 1960களில் டொரீன் பேய்லி கொண்டுபோனார். ஆசியாவுக்கு அது வந்த பாதை இன்னும் சுவாரசியமானது. ஜோசப் யூக்ஸ்டர் என்ற சுவிஸ் கத்தோலிக்கப் பாதிரியார் 1970இல் தாய்வானுக்கு வந்தார். கிழக்குக் கரையில் தைதுங் பகுதியில் பணி. முழங்கால் மூட்டுவாதத்தால் கஷ்டப்பட்ட அவருக்கு, ஹெடி மசாஃப்ரே என்ற சுவிஸ் பெண்மணி ஜெர்மன் மொழியில் எழுதிய பாத அழுத்தப் புத்தகம் ஒன்று கிடைத்தது. தன் காலில் செய்து பார்த்து, சுகம் தெரிய, ஊர்ச் சனத்துக்கும் செய்யத் தொடங்கினார். 1970களின் இறுதிக்குப் பிறகு அது தாய்வான் முழுக்கப் பரவியது. அவரின் முறை மலேசியா, சிங்கப்பூர் வரைக்கும் போனது. அங்கெல்லாம் அது "பண்டைய சீன வைத்தியம்" ஆகிவிட்டது.

ஐரோப்பாவில் விற்கும்போது அது கிழக்கின் ஞானம், கிழக்கில் விற்கும்போது எங்கட முன்னோரின் சொத்து. காலனித்துவ வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிய தந்திரம் இல்லை. பழமை என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் அதன் பிறகு ஆதாரம் கேட்பது அவமரியாதையாகிவிடும்.

போலிச் சிகிச்சை என்ற அளவுகோல்

1990களில் மருத்துவ ஆய்வாளர்கள் இந்தப் படத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மாத்திரையைச் சோதிப்பது சுகம். ஒரு குழுவுக்கு மருந்து, மற்றக் குழுவுக்கு அதே வடிவத்தில் மாவுக் குளிகை. காலை அமத்துவதற்கு மாவுக் குளிகை எது? அவர்கள் கண்டுபிடித்த வழி போலிச் சிகிச்சை. ஒரு குழுவுக்குப் படத்தின்படி சரியான புள்ளிகளை அமத்துவது, மற்றக் குழுவுக்கு அதே நேரம், அதே கதிரை, அதே கவனத்தோட சாதாரணமாகக் காலைத் தேய்த்து விடுவது. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. படம் உண்மையென்றால் முதல் குழுவுக்கு மட்டும் கூடுதலாகச் சுகம் வர வேணும்.

முதலில் வந்த செய்தி நம்பிக்கை தருவதாக இருந்தது. 1993இல் ஐக்கிய அமெரிக்காவில் மாதவிடாய்க்கு முன்னான உபாதைகள் உள்ள 35 பெண்களிடம் செய்த ஆய்வில், காது, கை, பாதப் புள்ளிகளை அமத்தியவர்களுக்குப் போலிக் குழுவை விட நல்ல சுகம் தெரிந்தது. ஆனா அந்தப் போலிச் சிகிச்சை ஒன்றில் மிக மெல்லத் தொடுவது, அல்லது முரட்டுத்தனமாகத் தேய்ப்பது. இதமான தொடுகையோட சரியான ஒப்பீடு அதில் நடக்கவில்லை.

2000இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஆய்வாளர்கள் படத்தையே நேரடியாகச் சோதித்தார்கள். ஆறு குறிப்பிட்ட வருத்தங்களில் ஒன்றோ பலவோ உள்ள 18 பேரின் பாதங்களை, அவர்களின் நோய் விபரம் தெரியாத இரண்டு ரிஃப்ளெக்சோலொஜி நிபுணர்கள் பார்த்தார்கள். யாருக்கு என்ன வருத்தம் என்று அவர்கள் சொன்னது குருட்டு ஊகத்தை விட மேலாக இல்லை. அதைவிட முக்கியம், இரண்டு நிபுணர்களும் ஒருவரோட ஒருவர் ஒத்துப்போகவும் இல்லை. ஒரே பாதத்தில் இருவர் இருவேறு கதை வாசித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு நோயாக வந்தது. 2001இல் டென்மார்க்கில் ஆஸ்துமா உள்ள 40 பேர், பத்து வாரச் சிகிச்சை. நுரையீரல் அளவீடுகளில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனா எங்களுக்கு எப்படி இருக்கு என்று நோயாளர்கள் சொன்ன கணக்கில் இரண்டு குழுக்களுமே முன்னேறியிருந்தன. 2002இல் இங்கிலாந்தில் குடல் எரிச்சல் நோயுள்ள 34 பேர். வயிற்று வலியிலோ வயிற்றோட்டத்திலோ வயிறு ஊதுவதிலோ வித்தியாசம் இல்லை. அதே வருடம் மாதவிடாய் நிற்கும் வயதில் இருந்த 76 பெண்கள். ரிஃப்ளெக்சோலொஜி பெற்றவர்களுக்கும் சாதாரணக் கால் மசாஜ் பெற்றவர்களுக்கும் பதற்றம் குறைந்தது, ஏறத்தாழ ஒரே அளவில்.

2009இல் வட அயர்லாந்தில் இருந்து வந்த ஆய்வு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோயால் வலியோட வாழ்கிற 73 பேர். பத்து வாரம். ரிஃப்ளெக்சோலொஜி குழுவில் வலி கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. பத்திரிகைகளில் தலைப்பு ஆகக்கூடிய செய்தி. ஆனா போலிக் குழுவிலும் வலி கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. சிகிச்சை முடிந்து பல வாரங்களுக்கு இரண்டு குழுவிலும் அந்தச் சுகம் நின்றது.

2012இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 385 பெண்களோட ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். இதில் மூன்று வகை: பயிற்சி பெற்றவரின் ரிஃப்ளெக்சோலொஜி, பயிற்சி இல்லாத ஆளின் கால் தேய்ப்பு, வழக்கமான சிகிச்சை மட்டும். ரிஃப்ளெக்சோலொஜி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் மற்ற இரு குழுக்களை விடக் குறைந்தது. களைப்பு குறைந்தது சாதாரணக் கால் தேய்ப்புப் பெற்றவர்களுக்கு. வலி, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம் இவற்றில் குழுக்களுக்கிடையில் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த மாதிரி ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் எக்ஸிட்டரின் எட்சார்ட் எர்ன்ஸ்ட். 2009இல் 18 ஆய்வுகள், 2011இல் 23 ஆய்வுகள். ரிஃப்ளெக்சோலொஜி எந்த ஒரு நோயையும் குணமாக்குது என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. அவுஸ்திரேலிய அரசும் இயற்கை வைத்தியங்களை மீளாய்வு செய்து, 2019 ஏப்ரல் 1 முதல் ரிஃப்ளெக்சோலொஜி உட்பட 16 முறைகளைத் தனியார் மருத்துவக் காப்புறுதிச் சலுகையில் இருந்து நீக்கியது.

போலிக் குழுவுக்கு ஏன் சுகம் வந்தது?

கட்டுரையை இங்கேயே முடிக்கலாம். படம் பிழை, வழக்கு முடிந்தது. ஆனா அப்படி முடித்தால், பாதி வலி குறைந்த அந்தப் போலிக் குழு ஆட்களை நாங்கள் மறந்துபோகிறம்.

ஆய்வின் மொழியில் அவர்கள் வெறும் ஒப்பீட்டு அளவுகோல். மனுச மொழியில் அவர்களுக்கு நடந்தது இது: நாள்பட்ட வலியோட இருக்கிற ஒருவரிடம், வாரா வாரம், ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, அவசரப்படாமல், அவர் காலைக் கையில் எடுத்து, நேரம் செலவழித்தார். எப்படி இருக்கு என்று கேட்டார். அடுத்த வாரமும் வந்தார். அந்த ஆளின் விரல் சரியான புள்ளியில் இருந்ததா என்பது வலிக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. விரல் இருந்தது. வலி என்பது காயத்தின் அளவு மட்டும் இல்லை, பயமும் தனிமையும் நித்திரையின்மையும் அதைக் கூட்டும் என்பது இன்று வைத்தியர்களே சொல்லுகிற விசயம்.

2017இல் அதே மிச்சிகன் ஆய்வாளர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். புற்றுநோயுள்ள 256 பெண்களின் வீட்டு ஆட்களை அல்லது நண்பர்களை ஆய்வில் சேர்த்து, ஒரு பகுதியினருக்குப் பாதம் பிடிக்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலு வாரம் வீட்டிலேயே செய்தார்கள். அந்தப் பெண்களின் நோய் உபாதைகள் மற்றவர்களோட ஒப்பிடும்போது குறைந்தன. இதில் போலிக் குழு இல்லை, அதனால் படம் சரி என்பதற்கு இது சாட்சியாகாது. ஆனா பயிற்சி பெற்ற நிபுணர் இல்லாமல், கணவனோ மகளோ சிநேகிதியோ செய்தாலும் சுகம் வருது என்று காட்டியது. நூறு வருடச் சுற்றுக்குப் பிறகு ஆய்வு அம்மம்மாவின் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வந்து நிற்குது.

இனி எங்கட பக்கம். எங்கட அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம், அது சின்ன விசயமில்லை. ஆனா கிளினிக் நாளில் விடியக்காலையில் போய் இலக்கம் எடுத்து மத்தியானம் வரைக்கும் வாங்கில் இருந்து, வைத்தியரைச் சில நிமிடம் கண்டு வருகிற ஆட்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாட்டில் ஒரு தாதிக்கு எத்தனை கட்டில் என்றும் தெரியும். அங்கே கைப்பிடித்து இருக்க நேரமில்லை. அந்த நேரத்தைத்தான் வெளியில் சிலர் உறுப்புப் படத்தைச் சுற்றி மணித்தியாலக் கணக்கில் விற்கிறார்கள். வாங்குகிறவரின் தேவை உண்மையானது. அதற்கு ஒட்டியிருக்கிற விளக்கம்தான் பொய்.

விளக்கம் பொய்யாக இருந்தால் என்ன, சுகம்தானே என்று கேட்கலாம். சுகத்தோட நின்றால் பிரச்சினை இல்லை. ஆனா படம் அதோட நிற்பதில்லை. உங்கட சிறுநீரகம் பலவீனம் என்று காலைப் பார்த்துச் சொல்லும், அந்த ஆள் நித்திரை இல்லாமல் கிடப்பார். உங்கட இதயம் நல்லா இருக்கு என்று சொல்லும், அந்த ஆள் ஈசிஜி எடுக்காமல் விடுவார். இரண்டாவது முதலாவதை விட மோசம். சலரோகம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. நீண்டகாலச் சலரோகத்தில் பாதத்தின் உணர்வு மெல்ல மெல்லப் போகும். அழுத்தம் கூடியதோ தோல் கிழிந்ததோ அவர்களுக்குத் தெரியாது. சின்னப் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்கிற நிலைக்குப் போகலாம். காலில் இரத்தக் கட்டி உள்ளவர்களுக்கும் அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. சலரோகத்துக்குப் பாதத்தை அமத்துங்கள் என்று பகிரப்படுகிற அந்த வட்சப் குறிப்பு, அமத்தவே கூடாத ஆட்களிடம்தான் முதலில் போய்ச் சேருது.

அதனால் குடும்பக் குழுவில் அடுத்த முறை அந்தப் படம் வந்தால் சிரிக்கிற இமோஜி போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். அனுப்பியது அநேகமாக உளைவோட இருக்கிற ஒரு மாமியாக இருக்கும். இது 1930களில் அமெரிக்காவில் வரைந்தது, சோதித்துப் பார்த்தபோது தேறவில்லை என்று சொல்லுங்கோ. மருந்தை விடாமல் எடுக்கச் சொல்லுங்கோ, காலில் உணர்வு குறைவா, புண் ஏதும் இருக்கா என்று கேளுங்கோ. ஒன்றும் இல்லையென்றால் சனிக்கிழமை அவவின்ட வீட்டுக்குப் போய், எண்ணெயை எடுத்துக்கொண்டு அவவின்ட காலடியில் ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ.